கோசி சுமந்துவரும் மணல்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பீகார் மாநிலத்தின் சுபௌல் மாவட்டத்தில், கோசி ஆற்றின் கிழக்குக் கரைமேட்டின் மீது ஒரு மார்கழிக் காலையில் நான் நின்றிருந்தேன். ஒரு பக்கம் ஆறு. மறுபக்கம் கோதுமை வயல்களும் மூங்கில் தட்டி வேய்ந்த வீடுகளும். இரு பக்கமும் மாறி மாறிப் பார்த்தபோது கண்ணில் பட்ட ஒன்று இன்றுவரை மனத்தை விட்டு அகலவில்லை. ஆற்றின் படுகை வயலைவிட உயரத்தில் இருந்தது. ஆறு பள்ளத்தில் ஓடும் என்றுதான் நாம் சிறு வயது முதல் அறிந்திருக்கிறோம். இங்கோ மேட்டில் ஆறும் பள்ளத்தில் ஊரும் இருந்தன. கீழே இறங்கி ஒரு பிடி மணலை அள்ளினேன். மாவுபோல மென்மையான சாம்பல் நிற மணல். இடையிடையே காக்காப்பொன் துகள்கள் வெயிலில் மின்னின. கையை உதறிய பிறகும் அவை ரேகைகளில் ஒட்டிக்கொண்டிருந்தன.

அந்தப் பிடி மணல் எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால் கோசியின் துணையாறுகள் அனைத்தையும் பார்த்துவிடலாம். இன்றைய உரையில் அந்த வழியாகவே உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

நேபாளத்தில் இந்த ஆற்றைச் சப்தகோசி என்கிறார்கள். இந்திராவதி, சுன் கோசி, தாமா கோசி, லிக்கு, தூத் கோசி, அருண், தமோர் என ஏழு ஆறுகள் சேர்ந்தது என்பதால் அந்தப் பெயர். நேபாளி மொழியில் சுன் என்றால் பொன், தாமா என்றால் செம்பு, தூத் என்றால் பால். உலகில் எண்ணாயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த சிகரங்கள் பதினான்கு. அவற்றுள் எவரெஸ்ட், லோட்சே, மகாலு, சோ ஓயு, சிசபங்மா ஆகியவற்றின் பனியும், கஞ்சன்ஜங்காவின் மேற்குப் பக்கத்துப் பனியும் உருகி இந்த ஆற்றுக்கே வருகின்றன. இத்தனை உயரங்களைத் தன் நீர்ப்பிடிப்புக்குள் வைத்திருக்கும் ஆறு உலகில் வேறு எதுவும் இருப்பதாக நான் அறியேன்.

எவரெஸ்டின் தென்புறத்தில் கும்பு பனியாறு இருக்கிறது. மலையேறுவோர் கூடாரமிடும் அந்தப் பனியின் உருகுநீர் இம்ஜா ஓடையில் கலந்து தூத் கோசியை அடைகிறது. பனியாறு பாறையை அரைத்த நுண்ணிய மாவு நீரில் மிதப்பதால் ஆறு வெளிறித் தோன்றுகிறது. தூத், அதாவது பால், என்ற பெயருக்குக் காரணம் அதுதான். வடபுறத்தில், திபெத்தில், ரோங்புக் பனியாற்றின் நீர் அருண் ஆற்றில் சேருகிறது. ஒரே சிகரத்தின் இரு பக்கங்களில் விழுந்த பனி, ஒன்று தெற்காகவும் மற்றொன்று வடக்காகவும் இறங்கி, தனித்தனியே நெடுந்தூரம் சுற்றி, திரிவேணி என்னும் இடத்தில் மீண்டும் ஒன்றுசேர்கிறது. இதை வரைபடத்தில் முதன்முறை விரலால் தொடர்ந்து பார்த்த நாளில் எனக்கு மெய்சிலிர்த்தது.

ஏழு ஆறுகளுள் அருண் ஆற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். திபெத்தில் இதற்குப் புங் சூ என்று பெயர். வறண்ட பீடபூமியில் நெடுந்தூரம் கிழக்கு நோக்கி நிதானமாக ஓடிவரும் இந்த ஆறு, திடீரெனத் தெற்கே திரும்பி, மகாலுவுக்கும் கஞ்சன்ஜங்காவுக்கும் இடையே இமயத்தின் முதன்மைத் தொடரையே அறுத்துக்கொண்டு நேபாளத்துக்குள் இறங்குகிறது. இவ்வளவு உயர்ந்த மலைச்சுவரை ஓர் ஆறு எப்படிக் கடந்தது? 1933ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணக்குழுவில் இடம்பெற்று, வடமுகத்தில் ஏறத்தாழ 8,570 மீட்டர் உயரம் வரை ஏறிய லாரன்ஸ் வேஜர் ஒரு நிலவியலாளர். அவர் 1937இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு ஒரு விடை தந்தார். மலை எழுவதற்கு முன்பே அருண் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. நிலம் மெல்ல மெல்ல உயர்ந்தபோது, அதே வேகத்தில் ஆறும் தன் படுகையை அறுத்துக்கொண்டே வந்தது என்பது அவருடைய கருத்து. பின்னால் வந்த ஆய்வாளர்கள் இதில் மாறுபட்டும் எழுதியிருக்கிறார்கள். ஆனாலும், மலையைவிட மூத்த ஆறு என்ற அந்த எண்ணத்தைக் கேட்ட பிறகு இமயத்தை முன்போல் பார்க்க முடியவில்லை.

திரிவேணிக்கு மேலுள்ள நீர்ப்பிடிப்புப் பரப்பில் பாதிக்கு மேல் அருணுடையது. ஆனால் அதில் பெரும்பகுதி மழை மறைவுப் பிரதேசமான திபெத்தில் கிடப்பதால், நீரில் அதன் பங்கு அந்த அளவுக்கு இல்லை. மேற்கிலிருந்து வரும் சுன் கோசிதான் அதிக நீரைக் கொண்டுவருகிறது. திபெத்திலிருந்து இறங்கும் போட்டே கோசியைச் சேர்த்துக்கொண்டு, தோலால்காட் என்னும் இடத்தில் இந்திராவதியையும் ஏற்று, சுன் கோசி கிழக்கு நோக்கித் திரும்புகிறது. தெற்கே மகாபாரதம் என்னும் மலைத்தொடர் சுவராக நின்று மறிப்பதால், அதற்கு இணையாகவே நெடுந்தூரம் ஓடி, வடக்கிலிருந்து வரும் தாமா கோசி, லிக்கு, தூத் கோசி மூன்றையும் வாங்கிக்கொள்கிறது. வடக்கிலிருந்து அருணும், கஞ்சன்ஜங்காவின் அடிவாரத்திலிருந்து தமோரும் வர, மூன்றும் திரிவேணியில் கூடி, வராகச்சேத்திரம் என்னும் தலத்தைக் கடந்து, சத்ரா என்ற ஊரில் சமவெளிக்குள் நுழைகின்றன.

எவரெஸ்டிலிருந்து சத்ரா நேர்க்கோட்டில் ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. அந்தச் சிறு தொலைவுக்குள் நிலம் 8,849 மீட்டரிலிருந்து நூறு மீட்டர் சொச்சத்துக்கு இறங்கிவிடுகிறது. இவ்வளவு செங்குத்தான, இளம் வயதுடைய, நிலநடுக்கங்களால் அடிக்கடி குலுங்கும் மலையின் மீது பருவமழை பெய்தால் நீர் மட்டும் வராது. மலையும் சேர்ந்தே வரும். 1985ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4ஆம் நாள், தூத் கோசியின் மேல்பகுதியில் திக் சோ என்னும் பனியேரிக்குள் பனிப்பாறைகள் சரிந்து விழுந்து ஏரி உடைந்ததில், நாம்சே என்ற ஊருக்கு அருகே ஏறத்தாழக் கட்டி முடிக்கப்பட்டிருந்த சிறிய நீர்மின் நிலையமும் பல பாலங்களும் அடித்துச் செல்லப்பட்டன. 2014 ஆகஸ்ட் 2 அதிகாலையில் ஜூரே என்ற இடத்தில் ஒரு மலைச்சரிவு சுன் கோசியின் குறுக்கே விழுந்து 150க்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்தது. அடைபட்ட நீர் ஏரியாகத் தேங்கி ஒரு மாதத்துக்கு மேல் நின்றது. அந்த அடைப்பு உடையக்கூடும் என்று அஞ்சி, நெடுந்தொலைவு தெற்கே பீகாரில் கோசிக் கரை ஊர்களில் இருந்தவர்களை இரவோடு இரவாக வெளியேற்றினார்கள். மலையில் ஒரு துணையாற்றில் நேர்வதைச் சமவெளி எப்படித் தாங்க வேண்டியிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சத்ராவைத் தாண்டியதும் சரிவு குறைந்து வேகம் தளர்கிறது. சுமையை இறக்கி வைக்காமல் ஆற்றால் மேலே போக முடியாது. இறக்கிய மணல் படுகையை உயர்த்துகிறது. உயர்ந்த படுகையை விட்டுத் தாழ்ந்த இடம் தேடி ஆறு விலகுகிறது. விசிறியை விரித்தாற்போல் கோசி இப்படி உருவாக்கிய வண்டல் நிலம் உலகின் மிகப் பெரிய ஆற்று விசிறிகளில் ஒன்று. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பூர்ணியா நகரத்தை ஒட்டி ஓடிய ஆறு, இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குள் நூறு கிலோமீட்டருக்கும் மேல் மேற்கே நகர்ந்துவிட்டது. விட்டுச் சென்ற பழைய வழிகளை அங்குள்ள மக்கள் 'தார்' என்கிறார்கள். அவ்வட்டாரத்துத் தேங்குநீர்க் குட்டைகளில்தான் மக்கானா விளைகிறது. நம் ஊர்க் கடைகளில் தாமரை விதை என்று சொல்லி விற்கிறார்களே, அதே பொரிதான். உண்மையில் அது தாமரை அன்று. இலையெல்லாம் முள் நிறைந்த வேறொரு நீர்ச்செடி. இடுப்பளவு நீரில் இறங்கியும் மூழ்கியும் சேற்றிலிருந்து அந்த விதையைத் திரட்டுகிறவர்களின் கைகளை ஒருமுறை பார்த்தவர்கள், அதன் விலையைக் குறை சொல்ல மாட்டார்கள்.

இந்த அலைவைக் கட்டி நிறுத்த 1954 ஏப்ரல் 25இல் இந்தியாவும் நேபாளமும் ஒப்பந்தம் செய்துகொண்டன. எல்லையை ஒட்டி, நேபாள மண்ணில், 56 மதகுகள் கொண்ட கதவணை எழுந்தது. இரு பக்கமும் நெடிய கரைமேடுகள் போடப்பட்டன. முன்பு விசிறி முழுதும் பரவிய மணல் இப்போது இரு கரைகளுக்கு நடுவே மட்டும் சேர்கிறது. நான் பார்த்த அந்த உயர்ந்த படுகைக்குக் காரணம் இதுவே. இரு கரைகளுக்கும் இடையே முந்நூறுக்கும் மேற்பட்ட ஊர்கள் அகப்பட்டுக்கொண்டன என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது. காப்பதற்காகக் கட்டிய கரைக்கு உட்புறத்தில் அவர்கள் வாழ்கிறார்கள். ஆண்டுதோறும் வீட்டைப் பிரித்து வேறு திட்டில் கட்டிக்கொள்வது அவர்களுக்கு வழக்கமாகிவிட்டது.

2008 ஆகஸ்ட் 18ஆம் நாள், கதவணைக்கு மேலே நேபாளத்தின் குசஹா என்னுமிடத்தில் கிழக்குக் கரை உடைந்தது. வினாடிக்கு 9.5 லட்சம் கனஅடி நீரைத் தாங்குவதற்கென வடிவமைக்கப்பட்ட அமைப்பு அது. உடைந்த அன்று ஓடியது ஏறத்தாழ 1.5 லட்சம் கனஅடிதான். வெள்ளத்தின் அளவைக் குறைசொல்லி இதை ஒதுக்கிவிட முடியாது. ஆறு தன் பழைய தார் ஒன்றை நினைவு வைத்திருந்ததுபோல் அதில் புகுந்து, தலைமுறைகளாக வெள்ளமே காணாத ஊர்களின் வழியே பாய்ந்தது. பல லட்சம் மக்கள் வீடிழந்தனர். நீர் வடிந்த பிறகு வயல்களில் மணல் நின்றது. 2024 செப்டம்பர் இறுதியில் கதவணையில் 6.61 லட்சம் கனஅடி நீர் பாய்ந்தது. 56 ஆண்டுகளில் காணாத அளவு அது. வராகச்சேத்திரத்தில் உயர்ந்த அணை கட்டும் யோசனை 1940களிலிருந்தே பேசப்படுகிறது. நிலநடுக்க மண்டலத்தில், இத்தனை மணல் சுமக்கும் ஆற்றின் குறுக்கே, அந்த அணை எத்தனை காலம் பயன்தரும் என்ற கேள்விக்கு நிறைவான பதில் சொல்லப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

கோசியைப் 'பீகாரின் துயரம்' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அந்தப் பெயர் பிடிப்பதில்லை. விசுவாமித்திர முனிவரைக் கோசிகன் என்று நாம் சொல்கிறோம். அவருடைய தமக்கையே கௌசிகி என்னும் ஆறாகி, உலக நன்மைக்காக இமயத்திலிருந்து இறங்கினாள் என்கிறது இராமாயணம். அந்தக் கௌசிகிதான் இந்தக் கோசி. வட பீகாரில் மக்கள் இன்றும் அவளைக் கோசி மாதா என்றே வணங்குகிறார்கள். வெள்ளம் வந்த ஆண்டிலும் அந்த அழைப்பு மாறுவதில்லை.

கதவணைக்குக் கீழே ஆறு பல கிளைகளாகப் பிரிந்தும் சேர்ந்தும் தெற்கே போகிறது. நேபாள மலைகளிலிருந்து வரும் கமலாவும், காத்மாண்டுவில் பசுபதிநாதர் கோயிலைத் தொட்டு வரும் பாக்மதியும் கீழ்ப்பகுதியில் வந்து கலக்கின்றன. பிறகு கிழக்கே திரும்பி, கட்டிஹார் மாவட்டத்தில் குர்சேலா அருகே கோசி கங்கையில் சேர்கிறது. வழியில் இறக்கிவைக்காத மணலைக் கங்கை வாங்கிக்கொண்டு, மேற்கு வங்கத்தின் பரக்காவை நோக்கி எடுத்துச் செல்கிறது.

நன்றி, வணக்கம்.