கடலடியில் கிடந்த பற்சக்கரங்கள்

அவையில் இருக்கும் பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

பழங்காலக் கலைப்பொருள் என்றதும் நம் கண் சிலையைத்தான் தேடும். நான் பேச வந்தது பார்வைக்கு அழகே இல்லாத ஒன்றைப் பற்றி. பச்சைக் களிம்பு ஏறி, உடைந்து, 82 துண்டுகளாக ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆன்டிகிதெரா கருவி என்பார்கள்.

1900இல் கடற்பஞ்சு எடுக்கப் போனவர்கள் கிரேக்கத்தின் ஆன்டிகிதெரா தீவுக்கு அருகே, கி.மு. முதல் நூற்றாண்டில் மூழ்கிய கப்பல் ஒன்றைக் கண்டார்கள். வெண்கலச் சிலை, பளிங்குச் சிலை, கண்ணாடிக் கிண்ணம் என்று ஏராளமாக மேலே வந்தன. எல்லோர் கவனமும் அவற்றின் மேல். கூடவே வந்த களிம்புக் கட்டி ஒன்று சும்மா கிடந்தது. 1902இல்தான் அதில் ஒரு பற்சக்கரம் இருப்பதைக் கவனித்தார்கள். அந்தக் கப்பல் மூழ்கிய பிறகு, ஐரோப்பாவில் பற்சக்கரங்களால் ஓடும் வானியல் கடிகாரங்கள் வர 1300 ஆண்டுகளுக்கு மேல் ஆயின என்பதை நினைத்துப் பாருங்கள்!

அந்தக் கட்டியை அருங்காட்சியகம் தூக்கிப் போடவில்லை. என் மனதில் அதற்கு நன்றி உண்டு. 1970களில் அறிவியல் வரலாற்று ஆய்வாளர் டெரக் டி சோலா பிரைஸ் எக்ஸ்ரே படங்களை வைத்துச் சக்கரங்களை எண்ணினார். 2005இல் எட்டு டன் எடையுள்ள எக்ஸ்ரே இயந்திரத்தையே அங்கே கொண்டுபோய், உள்ளே மறைந்திருந்த எழுத்துகளையும் படித்தார்கள்.

சரி, அது என்ன செய்தது? பக்கத்தில் உள்ள கைப்பிடியைச் சுற்றினால் முன்முகப்பில் சூரியனும் சந்திரனும் ராசிகளின் ஊடே நகரும். பின்பக்கம் இரண்டு சுருள் முகப்புகள். ஒன்று 19 ஆண்டுகளுக்கு உரிய 235 சந்திர மாதங்களைக் காட்டும். மற்றது கிரகணங்களுக்கு. கிரகணங்கள் ஏறக்குறைய அதே வரிசையில் திரும்பி வர 223 சந்திர மாதங்கள் ஆகும். அதற்காகவே ஒரு சக்கரத்துக்கு 223 பற்கள் வெட்டியிருக்கிறார்கள், கையால்.

என்னை மிகவும் வியக்க வைப்பது சந்திரனுக்கான ஏற்பாடு. வானத்தில் சந்திரன் ஒரே வேகத்தில் போவதில்லை. ஒரு சமயம் விரையும், ஒரு சமயம் தயங்கும். இதைக் காட்ட இரண்டு சக்கரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக, மையம் சற்றே விலகியிருக்கும்படி வைத்தார்கள். கீழ்ச்சக்கரத்தில் ஒரு முளை. மேல்சக்கரத்தில் அது நுழைந்து நகர ஒரு பிளவு. கீழே உள்ளது ஒரே சீராகச் சுற்ற, மேலே உள்ளது வேகம் கூடியும் குறைந்தும் சுற்றும். மைய விலகல் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். இந்த வேக மாற்றத்துக்குக் காரணமான நீள்வட்டப் பாதை என்ற கருத்தே பிறக்காத காலம் அது. கண்ணால் பார்த்துப் பார்த்துக் குறித்ததை வெண்கலத்தில் ஓட வைத்திருக்கிறார்கள். செய்தவர் பெயர் எங்கும் இல்லை.

ஒலிம்பிக் போட்டிகளின் நான்காண்டுச் சுற்றைக் காட்டவும் தனியாக ஒரு சிறு முகப்பு உண்டு. கோள்களை ஓட்டிய சக்கரங்கள் பெரும்பாலும் கிடைக்கவில்லை. கருவியில் உள்ள எழுத்துகளில் கோள்களைப் பற்றிய பேச்சு இருப்பதால், அந்தப் பகுதியை மறுபடி கட்டிப் பார்க்கும் முயற்சி நடக்கிறது.

ஏதென்ஸ் போகிறவர்கள் சிலைகளோடு திரும்பிவிடாதீர்கள். இருப்பதில் பெரிய துண்டைத் தேடிப் போய், அதில் நான்கு ஆரங்களோடு தெரியும் சக்கரத்தை நிதானமாகப் பாருங்கள். நன்றி.