பீடியை விட்டவருக்கு ஒரு வாரம் கோபம், போயிலையை விட்ட அம்மாவுக்கு ஏன் இந்த அழுகை?

இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணு மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது. தங்கச்சிமடத்துல இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்காங்க. அப்படியே வாசிக்கிறேன்.

"என் வீட்டுக்காரர் விசைப்படகுல போறவர். மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பிச்ச அன்னைக்குப் பீடியை விட்டார். ஒரு வாரம் எரிஞ்சு விழுந்தார், அப்புறம் சரியாயிட்டார். அவரைப் பார்த்து எங்க அம்மாவும் போயிலையை விட்டாங்க. அவங்களுக்கு 58 வயசு. மூணு வாரம் ஆச்சு, தூக்கமில்ல, யார்கிட்டயும் பேச்சில்ல, உட்கார்ந்த இடத்துல அழுறாங்க. பொம்பளைங்களுக்கு மட்டும் இது மனசை இப்படி வாட்டுமா? ஒரு துண்டு வாங்கிக் குடுத்துரட்டா?"

வாங்கிக் குடுக்க வேண்டாம்மா. அதை முதல்ல சொல்லிடுறேன். காரணத்தைப் பொறுமையா பார்ப்போம்.

தொடர்ந்து பார்க்கிறவங்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்றது தெரியும்: போயிலை கவலையைத் தீர்க்கிறதில்ல, போயிலை இல்லாத தவிப்பைத்தான் தீர்க்குது. போயிலையில இருக்கிற, அடிமைப்படுத்துற பொருளான நிக்கோடின் ரத்தத்துல பாதியா குறைய சுமார் 2 மணி நேரம். குறையக் குறைய படபடப்பு, எரிச்சல், நெஞ்சுல ஒரு பாரம். மறுபடி ஒரு வாய் போட்டதும் அது அடங்கும். வள்ளத்துல ஓட்டையைப் போட்டதும் அதுதான், தண்ணி இறைச்சுக் குடுக்கிறதும் அதுதான். வள்ளம் மிதக்குதேன்னு நாம அதுக்கு நன்றி சொல்லிக்கிட்டு இருக்கோம்.

இப்ப உங்க வீட்டுல ரெண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்? ஆண், பெண்ங்கிறதுக்கு முன்னாடி பொருளைப் பாருங்க. பீடியை இழுத்தா 10, 20 வினாடியில நிக்கோடின் மூளைக்குப் போயிடும், சீக்கிரம் இறங்கியும் விடும். கொடுப்புல, அதாவது கன்னத்து உள்பக்கம், அடக்கிற போயிலை அப்படி இல்ல. சுண்ணாம்பு காரத்தன்மையைக் கூட்டுறதால நிக்கோடின் கன்னத்துச் சதை வழியா ஊறி, அரை மணி நேரம் மெதுவா ஏறி, அப்படியே நிக்கும். அம்மா மாதிரி நாள் முழுக்க அடக்கி வச்சிருந்தவங்களுக்கு உடம்புல நிக்கோடின் இல்லாத நேரமே இருந்திருக்காது.

வீட்டுக்காரருக்கு வேற ஒரு கணக்கு. பீடிப் புகை கல்லீரலைத் தூண்டிவிட்டு டீ, காப்பியில இருக்கிற கஃபீனைச் சீக்கிரம் கழிச்சுவிடும். புகை நின்னதும் அந்த வேகம் போயிடும். அதே ஆறு டீயைக் குடிச்சா கஃபீன் ரத்தத்துல கூடுதலா தங்கும். அதனால வர்ற கைநடுக்கத்தையும் தூக்கமின்மையையும் "பீடியை விட்டதால வந்தது"ன்னு நினைச்சுட்டுத் திரும்பப் பத்த வைப்பாங்க. விடுற அன்னைக்கே டீயைப் பாதியாக்குங்க.

இதுல ஆபத்தான பக்கம் ஒண்ணு உண்டு. ஏர்வாடி தர்கா பக்கம் குடும்பத்தோட வந்து தங்கி மனநோய்க்கு வைத்தியம் பார்க்கிறவங்க கவனமா கேளுங்க. ஓலன்சபின், குளோசபின்ங்கிற மனநோய் மாத்திரை சாப்பிடுறவர் பீடியைச் சட்டுனு நிறுத்தினா, ஒரு வாரத்துக்குள்ள மருந்தோட அளவு ரத்தத்துல நல்லா ஏறிடும். மயக்கம், எச்சில் ஒழுகுறது, தள்ளாட்டம், குளோசபின்ல வலிப்பு வரைக்கும் போகலாம். நிறுத்தப் போறதா முன்கூட்டியே டாக்டர்கிட்ட சொன்னா அவர் அளவைக் குறைப்பார். நீங்களா குறைக்கக் கூடாது. இதைச் செய்யறது புகை, நிக்கோடின் இல்ல. வாயில போடுற போயிலையை விட்டவங்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது.

சரி, பொம்பளைங்க உடம்புக்கு வருவோம். வித்தியாசம் உண்டு. ஈஸ்ட்ரோஜன்ங்கிற பெண் ஹார்மோன் கல்லீரலைத் தூண்டுறதால பெண்கள் நிக்கோடினை ஆண்களைவிட வேகமாக் கழிப்பாங்க. கர்ப்பத்துல இன்னும் வேகம், கருத்தடை மாத்திரை சாப்பிட்டாலும் அப்படியே. மாதவிடாய் நின்ன பிறகு அந்த வேகம் குறையும், அதனால உங்க அம்மாவுக்கு இது பெரிய காரணம் இல்ல. 2012-ல வந்த ஒரு மூளை ஸ்கேன் ஆய்வுல, புகைக்கிற ஆண்களுக்கு மூளையில நிக்கோடின் போய் ஒட்டுற இடங்கள் (ஏற்பிகள்) கூடியிருந்துச்சு, புகைக்கிற பெண்களுக்கு அப்படிக் கூடல. அதாவது ஆண்களை நிக்கோடினே பிடிச்சு இழுக்குது. பெண்களை அதோட சேர்த்து ருசி, வாசம், கையும் வாயும் பழகின பழக்கம், முக்கியமா மனக்கஷ்டம் பிடிச்சு இழுக்குது. தோல்ல ஒட்டுற நிக்கோடின் பட்டை சராசரியா ஆண்களுக்கு உதவுற அளவு பெண்களுக்கு உதவாததுக்கு இதுவும் காரணமா இருக்கலாம்.

தங்கச்சி, நீங்க கேட்டது "விட்டதால ஏன் இப்படி ஆச்சு"ன்னு. "விடுறதுக்கு முன்னாடி அம்மா எப்படி இருந்தாங்க"ன்னு யாராவது கேட்க மாட்டாங்களான்னுதான் நான் ஏங்குறேன். மனச்சோர்வு பெண்களுக்கு ஆண்களைப் போல ரெண்டு மடங்கு. கடலுக்குப் போனவர் மீன்துறையில அனுமதி டோக்கன் எடுத்துட்டு மறுநாள் காலையில திரும்புற வரைக்கும் கரையில முழிச்சிருக்கிறது யாரு? வெறும் வயித்தோட விடியமுன்ன கடல்பாசி எடுக்கப் போறது யாரு? பசி தெரியாம இருக்கவும் பயம் தெரியாம இருக்கவும் கொடுப்புல ஒரு துண்டு. அந்தத் துண்டு பல வருஷமா ஒரு மனச்சோர்வை மூடி வச்சிருந்திருக்கலாம். இப்ப மூடி திறந்திருக்கு.

ஆஸ்பத்திரியிலயும் இதைக் கேட்க மாட்டேங்கறாங்க. ஆம்பளை வந்தா "பீடி உண்டா"ன்னு கேட்போம், மனசைக் கேட்க மாட்டோம். அவர் சோர்வு கோபமாவும் குடியாவும் வெளியே வரும். இந்தியாவுல தற்கொலையில சாகிற 10 பேர்ல 7 பேர் ஆம்பளைங்க. பொம்பளை வந்தா மனசைக் கேட்போம், போயிலையைக் கேட்க மாட்டோம். 2016-17 தேசியக் கணக்கெடுப்புல புகைக்கிற பெண்கள் 2 சதவீதம், புகையில்லாப் புகையிலை போடுறவங்க 12.8 சதவீதம். "புகை பிடிப்பீங்களா"ன்னு கேட்டா அவ்வளவு பேரும் "இல்லை"ன்னுதான் சொல்வாங்க, அது பொய்யும் இல்ல. "வெத்தலை போடுவீங்களா, அதுல போயிலை வைப்பீங்களா, பல்லுல ஏதாவது தேய்ப்பீங்களா"ன்னு கேட்கணும். நர்ஸ் அக்காமார் யாராவது பார்த்துக்கிட்டு இருந்தா இதைத் தயவுசெஞ்சு குறிச்சு வைங்க. கர்ப்பிணிகிட்ட கட்டாயம் கேளுங்க. குழந்தை எடை குறையறதுக்கும் குறைமாசத்துல பிறக்கிறதுக்கும் வாயில போடுற போயிலையும் காரணம்.

இப்ப அம்மாவுக்கு என்ன செய்யலாம்? விட்ட தவிப்பு முதல் வாரத்துல, அதுவும் ரெண்டாவது மூணாவது நாள், உச்சத்துல இருக்கும். 2-ல இருந்து 4 வாரத்துல அடங்கும். மூணாவது வாரத்துல குறைஞ்சுக்கிட்டே வரணும். அம்மாகிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க: போன 2 வாரத்துல எதுலயும் விருப்பமில்லாம இருந்துச்சா? மனசு சோர்ந்து, நம்பிக்கையில்லாம இருந்துச்சா? ஒவ்வொண்ணுக்கும் "இல்லவே இல்ல" 0, "சில நாள்" 1, "பாதி நாளுக்கு மேல" 2, "தினமும்" 3. கூட்டி 3-க்கு மேலயோ 3-ஓ வந்தா ராமநாதபுரம் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுல காட்டுங்க. அது தனி நோய், அதுக்குத் தனி மருந்து உண்டு, போயிலை மருந்தில்ல. "இருந்து என்ன பண்ண"ங்கிற மாதிரி பேசினா அன்னைக்கே 14416-க்குப் போன் பண்ணுங்க, அது டெலிமானஸ்ங்கிற அரசு மனநல உதவி எண், தமிழ்ல பேசலாம், காசு கிடையாது.

போயிலையை விட்ட வாய்க்கு வெத்தலை பாக்கு மட்டும் போடலாமான்னு கேட்பாங்க. பாக்குக்கே அடிமைப்படுத்துற குணமும் புற்றுநோய் வரவைக்கிற குணமும் இருக்கு, அது போயிலையைத் தேட வேற வைக்கும். சோம்பு, ஏலக்காய், நெல்லி வத்தல் குடுங்க. வாயில மூணு விரலை ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கி நுழைக்க முடியுதான்னும் பாருங்க. நுழையலன்னாலோ, வாய்க்குள்ள வெள்ளையாவோ சிவப்பாவோ இருக்கிற படை 2 வாரத்துல ஆறலன்னாலோ பல் டாக்டர்கிட்ட போகணும்.

போயிலைக்கான தேட்டம் தாங்கலன்னா 2 மில்லிகிராம் நிக்கோடின் சுவிங்கம் மருந்துக்கடையில கிடைக்கும். வெத்தலை போட்டவங்க எல்லாரும் செய்யற தப்பு, அதை வெத்தலை மாதிரியே மென்னு சாறை முழுங்குறது. முழுங்கினா விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். மெதுவா மெல்லணும், நாக்குல சுருக்குன்னு பட்டதும் நிறுத்திக் கொடுப்புல ஒதுக்கணும், சுருக்கு போனதும் திரும்ப மெல்லணும், இப்படி அரை மணி நேரம். அதுக்கு 15 நிமிஷம் முன்னாடி டீ, காப்பி, எலுமிச்சை ஜூஸ் கூடாது, புளிப்பு நிக்கோடினை ஏற விடாது. பல் செட்டு இருந்தா ஒட்டும், அவங்களுக்குப் பட்டை சரி. இதய நோயோ கர்ப்பமோ இருந்தா டாக்டரைக் கேட்காம வேண்டாம்.

இன்னொண்ணு. புகையை விட்டவங்களை வச்சு 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த அலசல் 2014-ல வந்துச்சு. குறைஞ்சது 6 வாரம் கழிச்சு அளந்தப்ப, விட்டவங்களுக்குச் சோர்வும் பதற்றமும் விடாதவங்களைவிடக் குறைஞ்சிருந்துச்சு. மனநோய் இருந்தவங்களுக்கும் அப்படியே. அதனாலதான் மூணாவது வாரத்துல ஒரு துண்டு வாங்கிக் குடுத்துராதீங்கன்னு கெஞ்சுறேன்.

வீட்டுக்காரருக்கு ஜூன் 15 வருது. தடை முடிஞ்சு படகேறுற முதல் ராத்திரிதான் பக்கத்து ஆள் பீடி நீட்டுவார். சுவிங்கத்தை அன்னைக்குச் சட்டைப்பையில வச்சு அனுப்புங்க.

புகையிலையை விட உதவுற இலவச எண் 1800-11-2356. கூப்பிடும்போது அம்மாவையே பேச விடுங்க. விடுறதுக்கு முன்னாடி ஒரு நாளைக்கு எத்தனை வாய் போட்டாங்க, எழுந்து எத்தனை நிமிஷத்துல முதல் வாய், இந்த ரெண்டையும் ஒரு தாள்ல எழுதி அவங்க கையில குடுத்துட்டு எண்ணை அழுத்துங்க.