நம் கல்லூரியில் எத்தனை பேருக்கு?

(உதகையில், கல்லூரிகளில் எச்.ஐ.வி. விழிப்புணர்வுக்காக இயங்கும் செஞ்சுருள் சங்கங்களின் பொறுப்பாசிரியர்களிடையே ஆற்றிய உரை)

ஆசிரியப் பெருமக்களே, வணக்கம்.

"நம்ம காலேஜ்ல எத்தனை பேருக்கு எச்.ஐ.வி. இருக்கும் சார்?" சங்கக் கூட்டம் என்றால் துண்டுச்சீட்டில் இந்தக் கேள்வி வந்துவிடும். எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாமே என்று சில நிர்வாகங்களுக்கும் ஆசை. கணக்குதான் இடிக்கிறது.

இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரை உள்ளவர்களில் தொற்றுள்ளோர் சுமார் 0.2 விழுக்காடு; ஆயிரத்துக்கு இரண்டு பேர். 24 வயதுக்குள் இன்னும் குறைவு. ஆயிரம் பேர் படிக்கும் கல்லூரியில் ஒருவர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதை வைத்து விழுக்காடு சொல்ல முடியாது. அரசுக் கண்காணிப்பும் மாணவர்களைத் தனியாக எண்ணுவதில்லை. பொதுமக்கள் நிலவரத்தைக் கர்ப்பிணிகளின் ரத்த மாதிரிகளைக் கொண்டு, ஒரு கண்காணிப்பு மையத்துக்கு 400 வீதம் எடுத்துத்தான் கணிக்கிறார்கள்.

இன்னொரு சிக்கல். ஆயிரத்துக்கு ஐந்து முறை தவறாக 'பாசிட்டிவ்' காட்டும் கருவி என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான தொற்று ஒன்று, பொய்யானது ஐந்து! அதனால்தான் முதல் ரேபிட் டெஸ்டில் தெரிந்தால், வேறு வகைக் கருவிகளில் இன்னும் இரண்டு சோதனை. மூன்றும் ஒத்தால்தான் முடிவு. முகாமில் விரல்நுனி ரத்தம் எடுத்து அங்கேயே சொல்லிவிடுவது ஒரு பிள்ளையின் படிப்பையே கெடுத்துவிடும். தவிர, சேர்க்கைக்கோ படிப்புக்கோ சோதனையைக் கட்டாயமாக்க 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் இடம் தரவில்லை.

எண்ணிக்கையை விடுங்கள். பயந்துபோன ஒரு மாணவர் யார் கண்ணிலும் படாமல், எச்.ஐ.வி. ஆலோசனையும் சோதனையும் தரும் அரசு நம்பிக்கை மையத்துக்குப் போய்வர முடிகிறதா? மலையில் அதுதான் கஷ்டம். கோத்தகிரியிலோ கூடலூரிலோ ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் பக்கத்தில் சித்தப்பா முறை ஒருவர் இருப்பார். சொந்த ஊர் மையத்துக்குத்தான் போக வேண்டும் என்று விதி எதுவும் இல்லை, கோவைக்கும் போகலாம். சோதனை இலவசம், முடிவு ரகசியம். ஆனால் 18 வயது நிரம்பாத பிளஸ் டூ பிள்ளைக்குப் பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதம் வேண்டும். பலரைத் தயங்க வைப்பது இதுதான்.

நாள் கணக்கு முக்கியம். பயந்த மறுவாரமே சோதித்து 'நெகட்டிவ்' என்று நிம்மதி அடைகிறார்கள். சோதனை தேடும் எதிர்ப்பொருள் உடலில் உருவாக வாரக்கணக்கில் ஆகும். மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்த்தால்தான் உறுதி.

தொற்றுக்கு வாய்ப்பு நேர்ந்தபின் எடுக்கும் தடுப்பு மருந்துக்கோ நேர்மாறு: 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பிறகு 28 நாள் விடாமல். சனிக்கிழமை நடந்ததற்குத் திங்கள்வரை காத்திருந்து, அன்று மழையில் மரம் விழுந்து கூடலூர் சாலை அடைபட்டால் கெடு முடிந்துவிடலாம். அன்றிரவே அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போகச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. 1097 என்ற இலவச உதவி எண்ணை அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டாதீர்கள். அங்கே நின்று குறித்துக்கொள்ள யாருக்கும் துணிச்சல் வராது. கழிப்பறைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள்.