35 வயதில் டிகிரி: ஃபீஸுக்கு என்ன வழி?

[திரையில்: சாப்பாட்டு மேஜை, ஒரு கால்குலேட்டர், மடித்து மடித்துக் கிழிந்த பழைய மார்க் ஷீட்]

பிளஸ் டூ முடித்ததும் வேலைக்குப் போய்விட்டீர்கள், இல்லையென்றால் கல்யாணம், குழந்தை என்று காலேஜ் பாதியிலேயே நின்றுவிட்டது. இப்போது டிகிரியை முடித்துவிடலாம் என்று வீட்டில் வாயைத் திறந்தால் என்ன பதில் வரும்? "பிள்ளைங்க ஃபீஸுக்கே வழியைக் காணோம், இதுல உனக்கு வேறயா?"

நியாயமான கேள்விதான். ஆனால் இந்த வயதில் ஃபீஸைவிடப் பெரிய செலவு, வேலையை விட்டால் நின்றுபோகும் சம்பளம். அதனால் கடன் எங்கே கிடைக்கும் என்று அலைவதற்கு முன்னால், சம்பளம் நிற்காமல் படிக்க முடியுமா என்று பாருங்கள்.

வேலையை விடாமல் தொலைநிலையில் படிக்க, இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-லிருந்தும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-லிருந்தும் இருக்கின்றன. இக்னோவில் ஃபீஸை வருடா வருடம் கட்டலாம், மூன்று வருட பி.ஏ.வை ஆறு வருடம் வரை இழுக்கலாம், அதாவது ஒரு வருடம் மாமியாருக்கு ஆஸ்பத்திரிச் செலவு, இன்னொரு வருடம் மகளுக்குச் சடங்கு என்று கையைக் கடித்தாலும் படிப்பு போய்விடாது. எஸ்சி, எஸ்டி பிரிவினருக்குச் சில படிப்புகளில் கட்டண விலக்கும் உண்டு.

[திரையில்: பஸ் டிக்கெட், ஜெராக்ஸ் கட்டு]

ஆனால் ப்ராஸ்பெக்டஸில் போட்டிருக்கும் தொகையோடு கணக்கை மூடிவிடாதீர்கள். தேர்வுக் கட்டணம் பேப்பருக்கு இவ்வளவு என்று தனி. அரியர் விழுந்தால் மறுபடியும். ஞாயிற்றுக்கிழமை ஸ்டடி சென்டருக்குப் பஸ், வெளியில் சாப்பாடு, அசைன்மென்ட். தினக்கூலிக்காரருக்குத் தேர்வுக்காகப் போடும் லீவும் ஃபீஸ்தான்.

சரி, நேரில் போய்த்தான் படித்தாக வேண்டும் என்றால்? அப்போது வங்கிக் கல்விக்கடன். "இந்த வயசுலயா?" என்று கவுன்டரில் யாராவது சிரித்தால் கண்டுகொள்ளாதீர்கள், வங்கிகளுக்காக இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் வயது வரம்பு கிடையாது. 4 லட்சம் வரை நம் பங்காக எதுவும் போட வேண்டாம், 7.5 லட்சம் வரை சொத்து அடமானமும் வேண்டாம். கல்யாணமானவருக்கு அப்பாதான் கையெழுத்துப் போட வேண்டும் என்றில்லை, கணவரோ மனைவியோ போடலாம். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தவணை. அதுவரை வட்டி மட்டும் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கும், முடிந்தால் அதையாவது மாதாமாதம் கட்டிவிடுங்கள். போனில் கூப்பிட்டுக் கொடுக்கிற பர்சனல் லோன் பக்கம் போகவே வேண்டாம், அடுத்த மாதமே தவணை. அதற்கு ஜூனில் செயினை வங்கியில் வைத்து, தீபாவளி போனஸில் மீட்பது எவ்வளவோ மேல்.

வருமான வரியில் ஒரு வேடிக்கை. பழைய வரிமுறையில் பிள்ளைகளுக்குக் கட்டும் டியூஷன் ஃபீஸுக்குக் கழிவு உண்டு, உங்களுக்கு நீங்களே கட்டினால் கிடையாது. கல்விக்கடன் வட்டிக்கு மட்டும் உங்கள் படிப்பாக இருந்தாலும் எட்டு வருடம் வரை கழிவு கிடைக்கும். புதிய வரிமுறையில் இரண்டுமே இல்லை.

[திரையில்: "அட்மிஷன் நடைபெறுகிறது" போர்டு]

பணத்தைக் கட்டுவதற்கு முன், தொலைநிலைப் படிப்பு என்றால் அந்தப் படிப்புக்கு இந்தக் கல்வியாண்டில் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதி இருக்கிறதா என்று அவர்களுடைய தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளத்தில் பாருங்கள். "பிளஸ் டூ வேண்டாம், நேரா டிகிரி" என்று எவராவது கூப்பிட்டால் பர்ஸைத் திறக்காதீர்கள். தமிழ்நாட்டில் அரசு வேலைக்கு அப்படி வாங்கும் டிகிரி செல்லாது.