சாவி யாரிடம் இருக்கிறது?

(நிகழ்த்துகலைஞர்களுக்கான பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

சற்று முன் வாசலில் ஒரு தம்பி தன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். கூரை இடிந்த பெரிய கட்டடம். உள்ளே, எல்லாவற்றுக்கும் நடுவில், ஒரு மரம். மேலிருந்து சாய்வாக வெயில் இறங்குகிறது. "இங்கே ஒரு நிகழ்வு செய்ய வேண்டும் ஐயா" என்றார். "சாவி யாரிடம் இருக்கிறது?" என்று கேட்டேன். "சாவியா? கதவே இல்லையே ஐயா!" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். ஆனால் கதவில்லாத கட்டடத்துக்கும் சாவி உண்டு. பத்திரத்தில் பெயர் உள்ளவரிடம் இருக்கலாம். பங்காளிகள் சண்டையில் நீதிமன்றத்தில் இருக்கலாம். கடனுக்காகச் சொத்தை எடுத்துக்கொண்ட வங்கியிலோ, மாநகராட்சியின் ஏதோ ஓர் அலமாரியிலோ தூங்கிக்கொண்டிருக்கலாம். தயாரித்து வந்த உரையை ஓரமாக வைத்துவிட்டு அந்தச் சாவியைப் பற்றியே பேசிவிடுகிறேன்.

அமெரிக்கக் கலைஞர் கார்டன் மாட்டா-கிளார்க்கிலிருந்து தொடங்குகிறேன். 1975இல் நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றோரம் கேட்பாரற்றுக் கிடந்த 52ஆம் எண் படகுத்துறைக் கொட்டகைக்குள் அவர் நுழைந்தார். யாரையும் கேட்கவில்லை. தன் சொந்தப் பூட்டைப் போட்டுக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். மேற்குச் சுவரின் தகரத்தை வெட்டிப் பிறை போல ஒரு பெரிய திறப்பை உண்டாக்கினார். தரையையும் வெட்டினார், கீழே ஆறு தெரிந்தது. அந்த இருண்ட கொட்டகைக்குள் மாலை வெயில் வந்து தண்ணீரில் விழுந்தது. அழகுதான், சந்தேகமே இல்லை. ஆனால் மக்களுக்குத் திறந்த அன்றே போலீசார் வந்து மூடினார்கள். அவரைக் கைது செய்ய ஆணை பிறந்தது. அவர் ஐரோப்பாவுக்குப் போய்விட்டார்.

அடுத்த ஆண்டே அதே மனிதர் அதே நகரில் இன்னொரு கட்டடத்தின் தளங்களைக் கதவு வடிவத்தில் வெட்டி எடுத்தார். இந்த முறை போலீஸ் வரவில்லை. காரணம், அலானா ஹைஸ் என்ற பெண்மணி. 1971 முதல் நகரில் சும்மா கிடந்த கட்டடங்களைத் தேடிப்பிடித்து, உரியவர்களிடம் பேசிக் கேட்டு வாங்கி, கலைஞர்களுக்குத் திறந்துவிடுவதையே அவர் தன் வேலையாக வைத்திருந்தார். 1976இல் குயின்ஸ் பகுதியில் மூடிக்கிடந்த அரசுப் பள்ளி ஒன்றை அப்படித்தான் வாங்கித் திறந்தார். வகுப்பறை, மாடிப்படி, மேல்மாடம் என்று கலைஞர்கள் ஆளுக்கோர் இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பள்ளிதான் இன்று 'மோமா பிஎஸ்1' என்ற நவீனக் கலைக்கூடம்.

உங்களில் பலருக்கு மாட்டா-கிளார்க்கைத்தான் பிடிக்கும் என்று தெரியும். உங்கள் வயதில் எனக்கும் அவரைத்தான் பிடித்தது. இப்போது ஹைஸைப் பிடிக்கிறது. வயதாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: மாட்டா-கிளார்க் கட்டடக்கலை படித்தவர். எதை வெட்டினால் எது விழும் என்று அவருக்குத் தெரியும். நமக்குத் தெரியாது.

சரி, உரிமையாளரிடம் எதைக் கேட்பது? இங்கேதான் நம்மவர்கள் சறுக்குகிறார்கள். கலையின் மேன்மை பற்றி நான்கு பக்கம் எழுதிக்கொண்டு போகிறார்கள். அவருக்கு இருப்பது ஒரே ஒரு பயம்: உள்ளே விட்டால் வெளியே போவார்களா? ஆஸ்திரேலியாவில் நியூகாசில் என்ற ஊரில் மார்கஸ் வெஸ்ட்பரி என்பவர் 2008இல் 'ரென்யூ நியூகாசில்' என்ற அமைப்பைத் தொடங்கினார். ஊரின் மையத் தெருக்களில் ஏறக்குறைய 150 கட்டடங்கள் காலியாகக் கிடப்பதை நடந்தே எண்ணிப் பார்த்தவர் அவர். குத்தகை கேட்டிருந்தால் ஒரு கதவும் திறந்திருக்காது. அவர் கேட்டது 30 நாள் உரிமம். முடிந்ததும் இன்னொரு 30 நாள். நல்ல வாடகைக்கு யாராவது வந்தால், சொன்னவுடன் காலி செய்துவிட வேண்டும். குத்தகைதாரருக்குச் சட்டம் பல உரிமைகளைக் கொடுக்கிறது. உரிமம் பெற்றவருக்கு அவ்வளவு இல்லை. கலைஞர்கள் அந்த உரிமைகளை விட்டுக்கொடுத்தார்கள். கதவுகள் திறந்தன.

ஆகவே, உங்கள் கடிதத்தின் முதல் பத்தியில் வெளியேறும் தேதியை எழுதுங்கள். கதைச் சுருக்கம் மூன்றாவது பக்கத்தில் இருந்தால் போதும், அவர் படிக்கப்போவதில்லை. ஆள் நடமாட்டம் இல்லாத கட்டடத்துக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் பாதுகாப்பைக் குறைத்துவிடுவது வழக்கம். செம்புக் கம்பிகளை உருவுகிறவர்கள் வருவார்கள், குழாய் உடைவது தெரியாது. நீங்கள் உள்ளே இருக்கும் இரண்டு மாதத்தில் விளக்கு எரியும், உடைந்த கண்ணாடி மாற்றப்படும், குப்பை போகும். அவருக்குப் புரியும் மொழி இதுதான். இதில் குறைச்சல் ஒன்றுமில்லை. 1972இல் ஹாலிவுட்டில் பாழடைந்து கிடந்த ஒரு மாளிகையை ஜூடி சிகாகோ, மிரியம் ஷாபிரோ என்ற பெண்ணியக் கலைஞர்கள் இருவரும் அவர்களுடைய மாணவிகளும் சேர்ந்து 'வுமன்ஹவுஸ்' என்ற கலைப்படைப்பாக ஆக்கினார்கள். 17 அறைகள். குளிர்காலம், வெப்பமூட்டும் வசதி கிடையாது, குழாயில் தண்ணீர் வராது. அந்தப் பெண்கள் முதலில் செய்தது ஜன்னல் பொருத்தியதும் சுவர் சுரண்டியதும்தான். அதன் பிறகுதான் ஃபெய்த் வைல்டிங் ஒரு நாற்காலியில் அமர்ந்து, முன்னும் பின்னும் ஆடியபடியே, ஒரு பெண் பிறந்தது முதல் எதற்கெல்லாம் காத்திருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டே போகும் அந்த நிகழ்வு நடந்தது.

இனி இரண்டாவது சாவி. அது எப்போதும் காவலாளியிடம் இருக்கும்.

மூடிப் பல ஆண்டுகள் ஆன ஓர் ஆலையில் நாங்கள் ஆறு பேர் வேலை செய்தோம். முதல் வாரம் முழுக்க எங்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இயந்திரங்களை எல்லாம் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நீளமான கூடமும் தூண்களும்தான் மிச்சம். கிழக்குச் சுவரில், ஓர் ஆள் உயரத்துக்கு இரு மடங்கு மேலே, வெளிறிய ஒரு வட்டம் இருந்தது. சுற்றிலும் சுவர் புகையேறிப் பழுப்பாகியிருக்க, அந்த வட்டம் மட்டும் புதிதாக வெள்ளையடித்தது போல இருந்தது. காவலாளியிடம் கேட்டேன். அவர் அதே ஆலையில் வேலை பார்த்தவர். "கடிகாரம் மாட்டியிருந்த இடம் ஐயா அது. காலையில் ஐந்து நிமிடம் வேகமாக ஓடும், மாலையில் ஐந்து நிமிடம் மெதுவாக ஓடும் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம்" என்றார். உண்மையா என்று கேட்டேன். "யார் கையிலும் கைக்கடிகாரம் இல்லையே, எப்படித் தெரியும்?" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்திலிருந்து எங்கள் படைப்பு முழுவதும் வந்தது. அதுவரை எழுதி வைத்திருந்ததைக் கிழித்துப் போட்டோம். மாலை வேலை முடியும் நேரத்தில் தொடங்கினோம். விளக்கு கிடையாது, மேற்கு ஜன்னல்களின் வெளிச்சம் சுவரில் ஏறி அந்த வட்டத்தைத் தொட்டு மறையும் வரைதான் நிகழ்வு. நம் அகத்திணை மரபு நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்கிறது. இடம்சார்ந்த படைப்பு என்று பேசுகிறவர்கள் நிலத்தைப் பிடித்துக்கொண்டு பொழுதை விட்டுவிடுகிறார்கள். ஒரு கூடம் காலை பத்து மணிக்கு ஒன்று, மாலை ஐந்து மணிக்கு வேறொன்று. நிகழ்வின் நடுவில் ஆறு பேரும் ஒரே நேரத்தில் தலையை உயர்த்தி வட்டத்தைப் பார்ப்போம். முதல் நாள் பார்வையாளர்களில் பழைய தொழிலாளர்கள் சிலரும் இருந்தார்கள். நாங்கள் தலையை உயர்த்துவதற்கு ஒரு கணம் முன்பே அவர்கள் உயர்த்திவிட்டார்கள்.

வேல்ஸில் 'பிரித் கோவ்' என்ற நாடகக் குழு இருந்தது. 1988இல் கார்டிஃபில் மூடப்பட்ட ஒரு கார் தொழிற்சாலைக்குள் 'கொடோதின்' என்ற பழைய போர்க் கவிதையை நிகழ்த்தினார்கள். லாரி லாரியாக மணல் கொட்டினார்கள், மரங்களை நட்டார்கள், நொறுங்கிய கார்களைக் கொண்டுவந்து போட்டார்கள். நிகழ்வின் போக்கில் தண்ணீரைத் திறந்துவிட, கடைசியில் நடிகர்கள் வெள்ளத்தில் போரிட்டார்கள். அந்தக் குழுவின் கிளிஃபர்ட் மக்லூக்கஸ் இப்படிப்பட்ட வேலைக்கு மூன்று பெயர் சொன்னார். கட்டடம் விருந்தளிப்பவர், நிகழ்வு அதில் புகுந்த ஆவி, பார்வையாளர் சாட்சி. எனக்கு இதில் பிடித்தது நடுவில் உள்ளதுதான். பாழடைந்த கட்டடத்தைப் பார்த்தால் ஆவி அங்கே குடியிருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். மக்லூக்கஸின் கணக்குப்படி கொஞ்ச காலம் வந்து அலைந்துவிட்டுப் போகும் ஆவி நாம்தான்.

ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை, என் தலையில் நானே கொட்டிக்கொண்ட கதையாகவே சொல்லிவிடுகிறேன். என் முதல் முயற்சி ஒரு காலிக் கிடங்கில். மூன்று பக்க வசனம். நல்ல வசனம் என்று இன்றும் நினைக்கிறேன். யாருக்கும் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. ஒரு சொல்லின் எதிரொலி அடங்குவதற்குள் அடுத்த நான்கு சொற்கள் அதன் மேல் ஏறிவிட்டன. நான் இன்னும் உரக்கக் கத்தினேன்; இன்னும் மோசமானது. அதே 1988இல் பாலின் ஒலிவெரோஸ் என்ற இசைக்கலைஞர் இரண்டு நண்பர்களுடன் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஒரு பழைய ராணுவக் கோட்டையின் வற்றிய நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கினார். அங்கே ஓர் ஒலி அடங்க 45 வினாடி. அவர்கள் அதனோடு சண்டை போடவில்லை. ஒரு சுரத்தை விட்டார்கள், காத்திருந்தார்கள், திரும்பி வருவதன் மேல் அடுத்ததை வைத்தார்கள். நான் செய்திருக்க வேண்டியது வசனத்தை எரித்துவிட்டு, கிடங்கின் நடுவில் நின்று ஒரு முறை கைதட்டிக் கேட்டிருக்க வேண்டியதுதான். நீங்கள் போகும் முதல் நாளே கைதட்டிப் பாருங்கள். கூட்டம் வந்த பிறகு எதிரொலி இன்னொரு முறை மாறும். உடல்களும் உடைகளும் ஒலியைக் குடிக்கும்.

பார்வையாளரை எப்படி உள்ளே விடுவது என்பதற்கு ஆயிரம் வழி உண்டு. லண்டனில் செயின்ட் பாங்க்ராஸ் ரயில் நிலையத்தின் முகப்பில் காலியாகக் கிடந்த பழைய ஹோட்டலுக்குள் 1995இல் டெபோரா வார்னர் ஆட்களை ஒவ்வொருவராகத் தனியே நடக்கவிட்டார். பஞ்ச்டிரங்க் குழு பார்வையாளர்களுக்கு முகமூடி மாட்டிப் பழைய கிடங்குகளின் மாடிகளில் அலையவிட்டது. முகமூடியை இனி யாரும் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். போதும்.

ஆனால் எத்தனை பேர் என்பதை முடிவு செய்ய வேண்டியது நீங்கள் இல்லை, மாடிப்படி. 2016 டிசம்பர் 2 அன்று கலிபோர்னியாவின் ஓக்லாந்தில், கலைஞர்கள் தங்குமிடமாக மாற்றியிருந்த ஒரு கிடங்கில் இசை நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது தீப்பிடித்தது. 36 பேர் இறந்தார்கள். நிகழ்ச்சி நடந்தது மேல்தளத்தில். தானாக நீர் தெளிக்கும் அமைப்பு இல்லை. அடைசலான அந்தக் கிடங்கில் பழைய மரச்சாமான்களுக்கு நடுவே வெளியே வர வழி தெரியவில்லை. இறந்தவர்கள் நம்மைப் போன்றவர்கள்தான். ஆகவே இயக்குநர் கட்டடத்துக்குள் போவதற்கு முன் பொறியாளர் போக வேண்டும். கூரையில் பழைய கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தகடு இருந்தால் அதன் மேல் ஆணிகூட அடிக்காதீர்கள். அந்தத் தூள் நுரையீரலில் இறங்கினால் 20, 30 ஆண்டு கழித்துத்தான் வேலையைக் காட்டும். புறா எச்சத்தைக் காய்ந்தபடியே பெருக்காதீர்கள். நனைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு அள்ளுங்கள். நடனக்காரர்களே, கான்கிரீட் தரையில் வெறுங்காலோடு ஒரு மாதம் குதித்தால் கணைக்கால் எலும்பு பேசத் தொடங்கும். மரப்பலகைத் தளத்துக்குப் பணம் இல்லையென்றால் குதிப்பதை விட்டுவிட்டு நடங்கள். நடையிலும் நடனம் உண்டு.

இன்னொரு சங்கடம் இருக்கிறது, அதற்கு என்னிடம் சுத்தமான விடை கிடையாது. நாம் போகும் கட்டடம் யாரோ வேலை இழந்த இடம். அதன் சிதைவை அழகு என்று நாம் காட்டுகிறோம். அடுத்த சில ஆண்டுகளில் அந்தத் தெருவின் வாடகை ஏறுகிறது. பெர்லினில் 1990 பிப்ரவரியில், இடிக்கத் தேதி குறித்திருந்த ஒரு பழைய வணிக மாளிகைக்குள் கலைஞர்கள் புகுந்தார்கள். 'தாஹெலெஸ்' என்று பெயர் வைத்தார்கள். கட்டடம் பிழைத்தது. 2012இல் கலைஞர்கள் வெளியேற்றப்பட்டார்கள். காப்பாற்றியவர்களுக்கு அதில் இடமில்லை.

2007இல், கத்ரீனா புயலுக்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, பால் சான் என்ற கலைஞர் நியூ ஆர்லியன்ஸில் பெக்கெட்டின் 'வெயிட்டிங் ஃபார் கோடோ' நாடகத்தை வெறிச்சோடிய தெருச் சந்திப்பிலும் கைவிடப்பட்ட ஒரு வீட்டின் முன்னாலும் நடத்தினார். அதற்கு முன் பல மாதம் அங்கேயே தங்கிப் பாடம் நடத்தினார். நாடகத்துக்குத் திரட்டிய பணத்தோடு, அந்தப் பகுதியை மீண்டும் கட்டும் உள்ளூர் அமைப்புகளுக்கென்று தனியாக ஒரு நிதியையும் திரட்டினார். உங்கள் வரவுசெலவுத் தாளில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் ஆலை நிகழ்வில் இருக்கவில்லை. காவலாளிக்கு ஒரு சால்வை போர்த்தினோம்; இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

நேரமாகிவிட்டது என்று அமைப்பாளர் கை காட்டுகிறார். தம்பி, எங்கே இருக்கிறீர்கள்? அந்தப் படத்தை இன்னொரு முறை காட்டுங்கள். அந்த மரம் எந்த மாடியில் நிற்கிறது என்று நான் சரியாகப் பார்க்கவில்லை. தரைத்தளம் என்றால் பேசலாம். முதல் மாடி என்றால், அதன் வேர் எந்த உத்தரத்துக்குள் போயிருக்கிறது என்று தெரியும் வரை யாரையும் அதன் கீழே நிறுத்தாதீர்கள்.