மாசம் எவ்வளவு வரும், மேடம்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்த வெயிலிலும் மண்டபம் நிறைய வந்திருக்கும் வேலூர் மக்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

அறிவியல், பொறியியல் துறைகளில் பெண்கள் முன்னேறப் பெரிதும் தேவை குடும்பத்தின் ஆதரவா, பல்கலைக்கழகத்துக்கு வரும் நிதியா? இதுதான் தலைப்பு. நிதியே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், மருத்துவர் செல்லப்பன் நிர்மலாவின் கதையைச் சொன்னார். அரங்கமே கைதட்டியது, நானும் தட்டினேன். 1986 பிப்ரவரி. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நிர்மலா, ரத்த மாதிரிகளை எடுத்துக்கொண்டு இரவு ரயில் ஏறி நம் காட்பாடியில் வந்து இறங்கினார். துணைக்கு வந்தவர் அவருடைய கணவர். இங்கே சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோதுதான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதல்முறையாகத் தெரிந்தது. "அந்தக் கணவர் இல்லாவிட்டால் இது நடந்திருக்குமா?" என்று கேட்டார் எதிரணித் தலைவர்.

நடந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதையில் பாதி விட்டுப்போய்விட்டது. அந்த ரத்த மாதிரிகள் அதுவரை எங்கே இருந்தன தெரியுமா? நிர்மலாவின் வீட்டு ஃப்ரிட்ஜில். பாலும் தயிரும் வைக்கிற ஃப்ரிட்ஜில். முறையாக வைத்துப் பாதுகாக்க அவருக்கு வேறு இடம் இல்லை. நாட்டுக்கே அவசரமான ஓர் ஆய்வைச் செய்கிற பெண்ணுக்குக் குடும்பம் தன் ஃப்ரிட்ஜைக் கொடுத்தது. பெரிய மனசுதான். அதற்கு மேல் குடும்பம் எதைக் கொடுக்க முடியும்? ரத்தத்தில் எச்.ஐ.வி.யைக் கண்டுபிடிக்கும் எலைசா சோதனையைச் செய்யும் வசதியைக் கணவரால் கொண்டுவர முடியுமா? அந்த வசதி வேலூரில் இருந்தது, அதனால்தான் அவரும் அவருடைய வழிகாட்டி சுனிதி சாலமனும் வேலூரை நாடினார்கள். இங்கே அந்த ஆய்வகம் இல்லாதிருந்தால் அந்தக் கணவரின் அன்பு காட்பாடி பிளாட்பாரத்தோடு நின்றுபோயிருக்கும்.

சரி, வேலூருக்கு அப்படி ஓர் ஆய்வகம் எங்கிருந்து வந்தது?

சி.எம்.சி.யைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் கதை இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆண் மருத்துவரை உள்ளே விடமாட்டோம் என்று சொன்னதால் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்துபோனார்கள். அதைப் பார்த்த ஐடா மருத்துவம் படிக்கப் போனார். இதை மன உறுதியின் கதையாகவே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அவர் படித்து முடித்து வேலூருக்குக் கப்பல் ஏறும் முன்பே நியூயார்க்கில் ஒருவர் தன் மறைந்த மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்திருந்தார். 1902இல் திறந்த மேரி டேபர் ஷெல் மருத்துவமனை அந்தப் பணத்தில் எழுந்தது. 1918இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி வந்தது. 1920களில் அமெரிக்கப் பெண்கள் நிதி திரட்டினார்கள். நீங்கள் 20 லட்சம் டாலர் சேர்த்தால் நாங்கள் 10 லட்சம் தருகிறோம் என்றது ராக்ஃபெல்லர் நிதி. சேர்த்துக் காட்டினார்கள். ஆசியாவில் ஏழு பெண்கள் கல்லூரிகளுக்கு அந்தப் பணம் போனது, அதில் வேலூரும் ஒன்று. பெண்கள் படிக்க என்று பெயர் போட்டு வந்த பணம் அது. இங்கே ஆண் மாணவர்கள் சேர்ந்ததே 1947இல்தான்.

அதே வளாகத்தில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ரோட்டா வைரஸை ஆராய்ந்த ககன்தீப் காங், 2019இல் லண்டன் ராயல் சொசைட்டி என்கிற அறிவியல் கழகத்துக்குத் தேர்வானார். இந்தியாவில் பணியாற்றும் பெண் விஞ்ஞானி ஒருவருக்கு அந்தப் பெருமை கிடைத்தது அதுவே முதல்முறை. 1918இல் போட்ட விதை நூறு வருடம் நின்று காய்த்திருக்கிறது. எந்தக் குடும்பத்தின் ஆதரவு, நடுவர் அவர்களே, நூறு வருடம் நிற்கும்?

இப்போது ஒரு கணக்கு. நம் நாட்டில் அறிவியல், பொறியியல் பட்டம் பெறுகிறவர்களில் ஏறத்தாழ 43 சதவீதம் பெண்கள். உலகத்திலேயே நல்ல எண்ணிக்கை இது. 2018 கணக்குப்படி ஆராய்ச்சிப் பணியில் இருப்பவர்களில் பெண்கள் 16.6 சதவீதம். நடுவில் அத்தனை பேரும் எங்கே போனார்கள்? குடும்பம் படிக்க வைக்கவில்லை என்று சொல்ல முடியாது, பட்டம் வரைக்கும் கொண்டுவந்து விட்டதே குடும்பம்தான். கல்லூரி வாசல் வரைக்கும் கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் பிள்ளைகள் தொலைகிறார்கள்.

அப்படித் தொலைந்தவள் நான்.

குடியாத்தத்தில் பிறந்தேன், வேதியியலில் எம்.எஸ்சி. முடித்தேன். அப்புறம் கல்யாணம், இரண்டு குழந்தைகள். ஏழு வருடம் போய்விட்டது. என் கணவர் நல்லவர். என் மாமியார், "நீ போம்மா, பிள்ளைங்கள நான் பார்த்துக்கிறேன்" என்று சொன்னவர். இதைவிட என்ன ஆதரவு வேண்டும்? அந்த ஆதரவோடு மூன்று கல்லூரிகளில் ஏறி இறங்கினேன். மூன்று இடத்திலும் ஒரே கேள்வி: "நடுவுல ஏன் இவ்வளவு கேப்?" பதில் சொல்லி முடிப்பதற்குள் ஃபைலை மூடிவிடுவார்கள். வீட்டில் எல்லோரும் வழிவிட்டுக் காத்திருந்தார்கள், நான் போவதற்குத்தான் இடம் இல்லை.

மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002-03இல் பெண் விஞ்ஞானிகள் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. வேலையில் இடைவெளி விழுந்த பெண்களுக்கென்றே வந்த திட்டம். எந்த இடைவெளியைக் காட்டி மூன்று கல்லூரிகள் என்னை அனுப்பினவோ, அதே இடைவெளி இங்கே தகுதியாகிவிட்டது! விண்ணப்பித்தேன். நேர்காணலில் உட்கார்ந்த நிபுணர்கள் என் மாமியாரைப் பற்றிக் கேட்கவில்லை. ராணிப்பேட்டை நிலத்தடி நீரில் குரோமியம் எவ்வளவு இருக்கிறது, எப்படி அளப்பாய், எப்படிப் பிரிப்பாய் என்று கேட்டார்கள். தோல் கழிவும் ஆலைக் கழிவும் கலந்து கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாகிப்போன ஊர்களின் பக்கத்தில் வளர்ந்தவள் நான், அதற்கு என்னிடம் பதில் இருந்தது.

மூன்று வருட நிதி, முதன்மை ஆய்வாளர் என்று என் பெயரிலேயே ஆணை வந்தது. அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஒரு கல்லூரிக்குப் போனேன். அன்று மாலையே ஆய்வகத்தில் ஒரு மேசையைக் காலி செய்து கொடுத்தார்கள். ஒரு சாவியும் கொடுத்தார்கள். நான் அதே பெண்தான். அறிவு ஒரே வாரத்தில் கூடிவிடவில்லை.

எதிரணியில் அடுத்துப் பேச இருப்பவர் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த லலிதாவைச் சொல்வார் என்று நினைக்கிறேன். பதினெட்டு வயதில் விதவை, கையில் குழந்தை. 1943இல் மின்பொறியியல் பட்டம் பெற்று நாட்டின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரானவர். சொல்லட்டும், சொல்லவேண்டிய கதை. ஆனால் அவர் முதலில் சிம்லாவில் வேலைக்குப் போனதற்குக் காரணம், குழந்தையோடு தங்க அங்கே சகோதரர் வீடு இருந்தது. பிறகு கல்கத்தா போனபோதும் அங்கே இன்னொரு சகோதரர் வீடு. அப்படிப்பட்ட அறிவாளிக்கே வேலை எந்த ஊரில் என்பதைச் சொந்தக்காரர் வீடுதான் முடிவு செய்தது. வேலை செய்கிற இடத்திலேயே குழந்தைகள் காப்பகம் கட்ட நிதி இருந்தால் அந்தப் பெண் இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும் போயிருப்பார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பணம் பெண்ணின் கைக்கு வந்தால் மட்டும் போதாது, நிறுவனமும் மாறவேண்டும். அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்கிற பெரிய பல்கலைக்கழகத்தில் நான்சி ஹாப்கின்ஸ் என்ற பேராசிரியர் இரவில் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு ஆய்வகம் ஆய்வகமாக அளந்தார். பெண் பேராசிரியர்களுக்குக் கொடுத்த இடம் சின்னது என்பது அடிக்கணக்கில் தெரிந்தது. 1999இல் அந்தப் பல்கலைக்கழகமே பாகுபாட்டை ஒப்புக்கொண்டு அறிக்கை வெளியிட்டது. 2001இல் அந்த நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 'அட்வான்ஸ்' என்ற நிதியைத் தொடங்கியது. ஆள் எடுக்கும் முறையை மாற்று, பதவி உயர்வு விதியைத் திருத்து என்று பல்கலைக்கழகத்துக்கே கொடுக்கும் பணம் அது.

இங்கிலாந்தில், பெண்களுக்குச் சமவாய்ப்புக் கொடுக்கும் கல்வி நிறுவனங்களுக்கென்று 'அதீனா ஸ்வான்' என்ற சான்றிதழ் 2005இலேயே வந்துவிட்டது. ஆறு வருடம் மெதுவாகத்தான் நகர்ந்தது. 2011இல் தலைமை மருத்துவ அதிகாரி சாலி டேவிஸ் ஒரு கடிதம் எழுதினார்: வெள்ளிச் சான்றிதழ் இல்லாத மருத்துவக் கல்லூரிக்கு உயிரி மருத்துவ ஆய்வு மையங்களுக்கான நிதிப் பட்டியலில் இடம் எதிர்பார்க்க வேண்டாம். அவ்வளவுதான், விண்ணப்பங்கள் குவிந்தன. அதை முன்மாதிரியாக வைத்து நம் நாட்டிலும் 2020இல் 'கதி' திட்டம் வந்தது, 30 நிறுவனங்களோடு தொடங்கினார்கள். நான் கேட்பது, ஆராய்ச்சி நிதி வாங்கும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இந்த நிபந்தனை வரவேண்டும். காட்பாடியில் இருக்கும் தனியார் பல்கலைக்கழகமானாலும் சேர்க்காட்டில் இருக்கும் அரசுப் பல்கலைக்கழகமானாலும், எத்தனை பெண்களை வேலைக்கு எடுத்தாய், எத்தனை பேர் தங்கினார்கள் என்று காட்டிவிட்டுப் பணம் வாங்கட்டும்.

நடுவர் மணி அடித்துவிட்டார். ஒரே ஒரு நிமிடம் கொடுங்கள்.

ஆம்பூரிலிருந்து ஒரு மாணவி. அப்பா ஷூ கம்பெனியில் வேலை. பெண் நெட் தேர்வில், ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகையோடு தேறிவிட்டாள். அப்பா என் அறைக்கு வந்தார், உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "வரன் ஒண்ணு வந்திருக்கு மேடம், நல்ல இடம்" என்றார். பெண் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பெண் கல்வியைப் பற்றி அவருக்கு எதுவும் போதிக்கவில்லை. அவரே கேட்டார்: "இந்த ஆராய்ச்சிக்கு மாசம் எவ்வளவு வரும், மேடம்?"

"முப்பத்தேழாயிரம். இரண்டு வருடம் கழித்து நாற்பத்திரண்டாயிரம். மொத்தம் ஐந்து வருடம் வரைக்கும்."

"பாப்பா பேர்லயா?"

"அவள் பெயரில், அவள் பேங்க் கணக்கில்."

அவர் வராந்தாவுக்குப் போய் மனைவிக்குப் போன் போட்டார். கதவு திறந்திருந்தது, எங்களுக்குக் கேட்டது. "அவங்ககிட்ட இப்போதைக்கு வேணாம்னு சொல்லிடு. பாப்பா படிக்கட்டும்."

அந்தப் பெண் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள், நடுவர் அவர்களே. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அவளுடைய அப்பா.

நன்றி, வணக்கம்.