பச்சை வெள்ளைச் சட்டைக்காரர்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கிறிஸ்டியானோ ரொனால்டோவைத் தெரியாத வீடு இன்று அபூர்வம். ஆனால் மான்செஸ்டருக்குப் போவதற்கு முன் அவர் எங்கே ஆடினார் என்று கேட்டால், பாதிப் பேர் யோசிப்பார்கள். லிஸ்பன் நகரத்து ஸ்போர்ட்டிங் கிளப். பச்சையும் வெள்ளையும் பட்டை பட்டையாகப் போட்ட சட்டை, நெஞ்சில் சிங்கம். அந்தக் கிளப்பின் கதையைச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கால்பந்து ரசிகர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் ஓட்டக்காரர்கள் கட்சி. பந்துக்கும் வருவேன், ஆனால் சுற்றித்தான் வருவேன்.

முதலில் பிறந்த கதை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லிஸ்பனின் கம்போ கிராண்டே பகுதியில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு கிளப் நடத்தினார்கள். கொஞ்ச காலத்தில் அதற்குள்ளேயே இரண்டு அணி. ஒரு கூட்டத்துக்கு பிக்னிக்கும் நடன விருந்தும் வேண்டும். இன்னொரு கூட்டத்துக்கு விளையாட்டு வேண்டும். 1906இல் சண்டை முற்றியது. ஜோசே அல்வலாட் என்ற இளைஞர், இருபது வயது, "தாத்தாவிடம் பணம் வாங்கி வேறு கிளப் ஆரம்பித்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனதாகச் சொல்வார்கள். கோபத்தில் இப்படிச் சொல்லிவிட்டு மறுநாள் மறந்துபோகிறவர்களைத்தான் நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். இவர் மறக்கவில்லை. தாத்தாவும் ஏமாற்றவில்லை. அவர் அல்வலாட் பிரபு. நிலமும் கொடுத்தார், பணமும் கொடுத்தார். 1906 ஜூலை 1 அன்று ஸ்போர்ட்டிங் பிறந்தது. ஐரோப்பாவின் மிகப் பெரிய கிளப்புகளுக்குச் சமமாக வளர வேண்டும் என்பது பேரனின் ஆசை. எந்த அளவுக்கு வளர்ந்தது என்று பார்க்க அவருக்கு ஆயுள் இல்லை. 1918இல் உலகத்தையே உலுக்கிய விஷக்காய்ச்சலில் 33 வயதில் போய்விட்டார். இன்றைய மைதானத்துக்கு அவர் பெயர்தான்.

விளையாட்டு என்றால் அவர்களுக்குக் கால்பந்து மட்டும் இல்லை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்திலேயே டென்னிஸ், ஓட்டம் எல்லாம் உண்டு. அந்தப் புகழ்பெற்ற பட்டைச் சட்டை இருக்கிறதே, அது கால்பந்துக்காரர்கள் கண்டுபிடித்தது இல்லை, ரக்பி அணியினுடையது. 1928இல் பிரேசிலுக்கு ஆடப் போனபோது கால்பந்துக்காரர்கள் அதை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். அப்புறம் திருப்பிக் கொடுக்கவேயில்லை!

லிஸ்பனின் பென்ஃபிகா, வடக்கே போர்ட்டோ, இந்த ஸ்போர்ட்டிங் மூன்றுமே இப்படிப்பட்டவைதான். உறுப்பினர்கள் சந்தா கட்டுகிறார்கள், வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரே கொடியின் கீழ் ஹேண்ட்பால், ஃபுட்சால் என்கிற உள்ளரங்கக் கால்பந்து, சக்கரக் காலணி மாட்டிக்கொண்டு ஆடும் ஹாக்கி, வாலிபால், நீச்சல் என்று வரிசை போகும். கூட்டுக்குடும்பத்தில் மூத்த அண்ணன் சம்பாதிப்பது போல கால்பந்து சம்பாதிக்கிறது. பெயர் வாங்கிக் கொடுத்ததில் தம்பிகளுக்கும் பங்கு உண்டு. என் வாதமே அதுதான்.

சான்றுக்கு ஒரே ஒரு வருஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1984. அந்தப் பருவத்தில் போர்ச்சுகல் லீக் பட்டம் பென்ஃபிகாவுக்குப் போனது. கால்பந்துப் புத்தகத்தில் ஸ்போர்ட்டிங்குக்கு அது வறண்ட வருஷம். ஆனால் அந்தக் கிளப்பின் மிகப் பெரிய வருஷம் எது என்று என்னைக் கேட்டால், 1984 என்றுதான் சொல்வேன்.

அது துக்கத்தில் தொடங்கியது. ஜோவாகிம் அகோஸ்டின்யோ என்று ஒரு சைக்கிள் வீரர். மொசாம்பிக் போரில் சிப்பாயாக இருந்துவிட்டு வந்து, தாமதமாகத்தான் பந்தய சைக்கிளில் ஏறினார். டூர் டி பிரான்சில் 1978, 1979 இரண்டு முறையும் மூன்றாம் இடம். 1984 வசந்தத்தில், நாற்பதைத் தாண்டிய வயதில், ஸ்போர்ட்டிங் அணிக்காக அல்கார்வே பந்தயத்தில் முன்னணியில் இருந்தார். முடிவுக்கோடு நெருங்கும் நேரத்தில் ஒரு நாய் குறுக்கே ஓடியது. விழுந்தார். எழுந்து பந்தயத்தை முடித்துவிட்டார். மண்டையோட்டில் விரிசல் இருந்தது பிறகுதான் தெரிந்தது. மே 10 அன்று இறந்துபோனார்.

இப்போது என் ஆளுக்கு வருகிறேன். கார்லோஸ் லோபெஸ். விசேவு நகரத்துக்குப் பக்கத்தில் வில்தெமோய்ன்யோஸ் என்ற சின்ன ஊர். ஏழைக் குடும்பம், சிறு வயதிலேயே கொத்தனாருக்குக் கையாள் வேலை. அவருக்கும் கால்பந்துதான் ஆசை. உள்ளூர் அணிக்குப் போனார். ரொம்ப ஒல்லியாக இருக்கிறாய் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த அணி நிர்வாகிகளுக்கு நான் மனதார நன்றி சொல்கிறேன்! ஒரு நாள் இரவு நடன விழா முடிந்து நண்பர்களோடு வீட்டுக்குத் திரும்பும்போது, யார் முதலில் ஊர் போய்ச் சேருவது என்று பந்தயம். லோபெஸ் எல்லோரையும் விட்டுவிட்டுப் போய்விட்டார். அப்படித்தான் ஓட்டம் தொடங்கியது. 1967இல் ஸ்போர்ட்டிங் அவரை அழைத்துக்கொண்டது.

அழைத்தவர் மாரியோ மோனிஸ் பெரைரா. இந்தப் பெயரை மட்டும் மறக்காதீர்கள். ஓட்டப் பயிற்சியாளர், தானே பல விளையாட்டுகள் ஆடியவர், அது போதாதென்று ஃபாடோ என்கிற அவர்கள் ஊர்ச் சோகப் பாட்டுக்கு மெட்டும் போடுவார். போர்ச்சுகலில் நெடுந்தூர ஓட்டம் என்று ஒன்று வளர்ந்ததற்கு முதல் காரணம் இவர்தான் என்பேன். லோபெஸுக்கு அப்போது வங்கியில் வேலை. காலையில் வேலையிலிருந்து விலக்கு வாங்கி, ஒரு நாளைக்கு இரண்டு வேளை பயிற்சி கொடுத்தார் மோனிஸ் பெரைரா. சின்ன விஷயமாகத் தெரியும். ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், காலை ஓட்டம் கூடினால் உடம்பு என்ன ஆகும் என்று. 1976இல் லோபெஸ் உலக கிராஸ் கன்ட்ரி சாம்பியன், அதாவது மேடு பள்ளமான வெளிகளில் ஓடும் ஓட்டத்தில். அதே வருஷம் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரில் வெள்ளி.

அப்புறம் காயங்கள், வெற்றியே இல்லாத வருஷங்கள். ஆள் முடிந்தார் என்றார்கள். 1984 மார்ச்சில் நியூயார்க்குக்குப் பக்கத்தில் நியூஜெர்சியில் மறுபடி உலக கிராஸ் கன்ட்ரி பட்டம். ஜூலை 2, ஸ்டாக்ஹோமில் 10,000 மீட்டர். லோபெஸும், அவருடைய அதே கிளப் சகா பெர்னாண்டோ மமேடும். இருவருமே பழைய உலக சாதனையை உடைத்தார்கள். மமேட் முந்திக்கொண்டார், 27 நிமிடம் 13.81 விநாடி. ஒரே பயிற்சியாளரின் இரண்டு பிள்ளைகள், ஒரே ஓட்டத்தில்! மமேட் பாவம். பெரிய போட்டி என்றால் மனசு பதறிவிடும். லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் இறுதி ஓட்டத்தில் பாதியில் ஓடுதளத்தை விட்டு வெளியே நடந்துவிட்டார். காலில் இருந்த பலத்துக்குக் குறைவே இல்லை.

லோபெஸ் மாரத்தானுக்குப் போனார். அதற்கு முன் அவர் முழுதாக ஓடி முடித்த மாரத்தான் ஒன்றே ஒன்று. ஒலிம்பிக்குக்கு இரண்டு வாரம் இருக்கும்போது லிஸ்பன் சாலையில் பயிற்சி ஓட்டம்; ஒரு கார் வந்து மோதியது. காரின் முன்பக்கம் மேல் உருண்டு விழுந்தவர், பெரிய அடி இல்லாமல் எழுந்துவிட்டார். ஆகஸ்ட் 12, லாஸ் ஏஞ்சல்ஸ், கடைசி நாள். நம் பி.டி. உஷா நூலிழையில் பதக்கத்தை விட்ட அதே ஒலிம்பிக், நினைவிருக்கும். ஜப்பானின் செகோ, ஆஸ்திரேலியாவின் டி கஸ்டெல்லா என்று எல்லோரும் வேறு பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெயில். 37 வயது லோபெஸ் முதல் வரிசையில் சும்மா கூடவே ஓடினார். கடைசி சில கிலோமீட்டரில் கழன்று முன்னே போனார், அவ்வளவுதான். 2 மணி 9 நிமிடம் 21 விநாடி. போர்ச்சுகலின் முதல் ஒலிம்பிக் தங்கம். அங்கே அப்போது விடியாத இரவு. அந்த ஒலிம்பிக் சாதனை 2008 பெய்ஜிங் வரை, 24 வருஷம் நின்றது. அடுத்த வருஷம் ரோட்டர்டாமில் 2 மணி 7 நிமிடம் 12 விநாடி ஓடி உலக சாதனையும் படைத்தார். 38 வயதில்! ஒல்லி என்று கால்பந்துக்காரர்கள் திருப்பி அனுப்பிய ஆள்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். 1956இல் கட்டிய பழைய மைதானத்தில் ஓடுதளம் இருந்தது. 2003இல் திறந்த புதிய மைதானத்தில் இல்லை. பார்வையாளர்கள் பந்துக்குப் பக்கத்தில் உட்கார வேண்டுமாம். வியாபாரக் கணக்கு சரிதான், மறுக்கவில்லை. உள்ளரங்க அணிகளும் 2017இல் ஜோவாவ் ரோஷா அரங்கம் வரும்வரை ஊரார் அரங்குகளில்தான் ஆடிக்கொண்டிருந்தன. அந்த அரங்கம் வந்த இரண்டே வருஷத்தில், 2019இல், ஃபுட்சால் ஐரோப்பியக் கோப்பையை வென்றார்கள். 2021இல் மறுபடியும்.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து நிகழ்ச்சித் தயாரிப்பாளர் இரண்டு விரலைக் காட்டுகிறார். சரி, கால்பந்து. வேகமாகச் சொல்கிறேன். 1940களில் 'ஐந்து வயலின்கள்' என்று பெயர் வாங்கிய முன்வரிசை ஐவர். அதில் பெய்ரோட்டேயோ லீக்கில் ஆட்டத்துக்கு ஒரு கோலுக்கு மேல் சராசரி வைத்திருந்தார். இன்னொருவர் ஜெசுஸ் கொரேயா, சக்கர ஹாக்கியிலும் உலக சாம்பியன்; பார்த்தீர்களா, இங்கேயும் நான் சொன்னதுதான் வருகிறது. 1964இல் கோப்பை வென்றோர் கோப்பை, அதாவது ஐரோப்பிய நாடுகளில் கோப்பை வென்ற அணிகளுக்கான போட்டி: இறுதிப் போட்டியின் மறு ஆட்டத்தில் மொராய்ஸ் கார்னரிலிருந்து நேராக வலைக்குள் அடித்த ஒரே கோல். அப்புறம் ஃபிகோ, ரொனால்டோ. 2002க்குப் பிறகு 19 வருஷம் லீக் பட்டம் இல்லை. நடுவில் 2018இல் முகமூடிக் கும்பல் பயிற்சி மையத்துக்குள் புகுந்து சொந்த அணி வீரர்களையே அடித்த அவமானம் வேறு. 2021இல் ரூபன் அமோரிம் பயிற்சியில் பட்டம் திரும்பியது. 2024, 2025 என்று தொடர்ந்து இரண்டு.

ஒரு விரல்தான் இருக்கிறது. பெண்கள் அணி பற்றிக் குறித்து வைத்திருந்தேன், இன்னொரு முறை கூப்பிட்டால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். வணக்கம்.